ஒரே சட்டியில் எல்லோருக்கும்: பாலும் முட்டையும் மாசியும் இல்லாத மலையகப் பலகாரங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். பண்டாரவளைப் பக்கம் வீடு. கொழும்பில் வேலை செய்யும் மகள் வீகனாகிவிட்டாள். இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், நெய், தயிர், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. தீபாவளிக்கு வருகிறாள். "அவளுக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி என்று என்னால் வைக்க முடியாது. மாமியாரும் பிள்ளைகளும் அவளும் ஒரே பலகாரத்தைச் சாப்பிட வழி இருக்கிறதா? வீடியோக்களில் சொல்லும் பாதாம் பால், முந்திரிச் சீஸ் எல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது."

வழி தாராளமாக இருக்கிறது அக்கா. அந்த வீடியோக்களை முதலில் மூடி வையுங்கள். அவர்கள் சமையல் வெண்ணெயிலும் பாலிலும் நிற்கிறது. அவற்றை எடுத்தால் ஏதாவது ஒன்றை அந்த இடத்தில் வைத்தே ஆகவேண்டும். நம் சமையல் தேங்காயில் நிற்கிறது. தேங்காய்ப்பூ ரொட்டி, இடியப்பம், பிட்டு, பால் அப்பம், பருப்பு வடை, உளுந்து வடை, சுசியம், எள்ளுருண்டை, தொதல், கடலைச் சுண்டல் என்று எண்ணிப் பாருங்கள். எதிலும் மாற்ற ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் சித்திரைக்குத் தட்டில் வைத்துத் தரும் பாற்சோறும் தேங்காய்ப்பாலில் வெந்ததுதான். பலகாரம் செய்து கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது கொஞ்சம்தான். பழகிய சமையலுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் நாலு பொருளைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்: நெய், பால்மா, முட்டை, மாசி என்ற காய்ந்த மீன்.

இந்த நாலில் மாசிதான் பெரிய கள்ளன். கட்டச்சம்பலில் இருக்கும், சீனிச் சம்பலில் இருக்கும், சில வீடுகளில் பருப்புக் கறியிலும் ஒரு சிட்டிகை விழும். கடையில் போத்தலில் விற்கும் சீனிச் சம்பலை, மேலே எழுதியிருப்பதை வாசிக்காமல் வாங்காதீர்கள். வீட்டில் செய்யும்போது மாசிக்குப் பதிலாக எதையும் போடத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வெங்காயத்தை மெல்லிய தீயில் அவசரப்படாமல் வதக்கி, செத்தல் மிளகாய்த் தூள், கறுவா, ரம்பை என்ற வாசனை இலை, புளிக்கரைசல், கடைசியில் சீனி என்று போனால், நேரம் கொடுத்த வெங்காயமே அந்தச் சுவையைத் தந்துவிடும். கட்டச்சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அடுத்த கள்ளன் யாரும் சந்தேகப்படாத ஆள்: தேங்காய்ப்பால் மா. தேங்காய் என்று பெயர் இருந்தாலும், தண்ணீரில் கட்டியில்லாமல் கரைவதற்காகப் பல பக்கெற்றுகளில் பால் புரதம் சேர்க்கிறார்கள். பின்பக்கத்தில் 'கேசினேற்' என்று ஒரு சொல் இருந்தால் அது பசும்பாலிலிருந்து வந்தது. மாஜரீனும் அப்படித்தான்; எண்ணெயில் செய்ததென்றாலும் சிலவற்றில் பால் திண்மம் உண்டு. முட்டை நூடில்ஸ், பேக்கரி ரோல்ஸ், பனிஸின் மேல் பூசும் முட்டை, பாணி என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தரும் தேன், இவையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு தானாகவே கண்ணில் படும்.

இனி நெய். இதில்தான் மலைநாட்டுக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். கொழும்பில் அது எப்போதும் தண்ணீர் மாதிரி. நம் பக்கம் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் வராது. அடுப்படியில் வைத்து இளக்கித்தான் ஊற்றுகிறோம். அந்தச் சலிப்பையே வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உறைந்த தேங்காயெண்ணெயைக் கரண்டியால் வழித்து மாவில் விரல்நுனியால் பிசறினால், வெண்ணெய் செய்யும் வேலையை அது அப்படியே செய்யும். பெட்டிஸுக்குக் கோதுமை மா பிசறும்போதும், நெய் பிஸ்கற் மாதிரி வாயில் கரையும் பிஸ்கற் சுடும்போதும் இது போதும். ரவா லட்டும் இப்படியே: ரவையைச் சிவக்காமல் வறுத்து, தேங்காய்ப்பூவையும் ஈரம் போக வறுத்து, பொடித்த சீனி, ஏலக்காய், தேங்காயெண்ணெயில் பொரித்த கஜுவும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) சேர்த்து, இளக்கிய தேங்காயெண்ணெயைச் சூடாக ஊற்றிப் பிடியுங்கள். ஆறியதும் கல்லாக நிற்கும். வாசனை பிடிக்காதவர்கள் எண்ணெயை ஊற்றுமுன் அதில் இரண்டு கராம்பையும் ஒரு துண்டு ரம்பையையும் போட்டுச் சூடாக்கி எடுத்துவிடுங்கள். நெய் மணம் வராதுதான். வேறொரு நல்ல மணம் வரும். மாமியாரிடம் அதைப் புது வகை லட்டு என்று சொல்லிக் கொடுங்கள், நெய் லட்டு என்று சொல்லாதீர்கள். சொன்னால் குறைதான் தெரியும்.

முறுக்குக்குப் பச்சரிசி மா 4 கப், வறுத்தரைத்த உளுத்தம் மா 1 கப், எள், ஓமம், உப்பு. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைப் புகை வரும் முன் இறக்கி, மாவில் ஊற்றிப் பிசறிவிட்டு, தேங்காயின் இரண்டாம் பால் (முதற்பால் எடுத்த பூவில் மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிந்தது) விட்டுப் பிசையுங்கள். முதற்பாலில் பிசைந்தால் இன்னும் ருசியாக இருக்கும் என்று சிலர் செய்வார்கள். ருசி சரி, ஆனால் கெதியில் சிவந்து, நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிடும். பண்டிகைக்கு ஒரு கிழமை முன்பே சுட்டு டின்னில் போடுகிறவர்களுக்கு இரண்டாம் பால்தான் சரி.

அதிரசத்துக்கு ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ சக்கரை என்பது என் கணக்கு. ஊறவைத்த அரிசியை நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் பதத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். மா காய்ந்துவிட்டால் அதிரசம் விரியும். பாகுதான் இதன் உயிர். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். வீடியோவில் வெப்பமானியை வைத்து 'இத்தனை பாகை வந்ததும் இறக்குங்கள்' என்று சொல்வார்கள். அது கடல்மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பண்டாரவளையிலும் ஹட்டனிலும் கொஞ்சம் வித்தியாசம், ஆனாலும் 100 இல்லை. அதனால் வெப்பமானியை நம்பிப் பாகு காய்ச்சினால் நமக்கு முறுகிப் போகும். பழைய முறை எந்த ஊரிலும் பொய் சொல்லாது: ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பாருங்கள், மெத்தென்ற உருண்டையாக வந்தால் இறக்கலாம். மாவைக் கிளறி, மேலே நெய்க்குப் பதிலாகக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி இரண்டு நாள் மூடி வையுங்கள். நம் குளிரில் மா இறுகியிருக்கும். பாத்திரத்தோடு சுடுதண்ணீரில் வைத்து இளக்கிவிட்டுத் தட்டுங்கள். பச்சைத் தண்ணீர் தெளித்து இளக்கினால் எண்ணெயில் பிரியும்.

உயரத்தின் வேலை பாகோடு நிற்பதில்லை. கடலையும் கௌபியும் இங்கே வேக நேரமெடுப்பது பருப்பின் குற்றமல்ல, தண்ணீரின் சூடு குறைவு. இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டுப் பிரஷர் குக்கரில் வைத்தால் விறகும் மிச்சம், காஸும் மிச்சம். தோசை மாவும் அப்படி; ஒரு இரவில் பொங்கவில்லை என்று அதில் தயிர் கலக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் உளுந்தை ஊறவைத்து, அரைத்ததைக் கையாலேயே கலந்து, அடுப்புத் தணிந்த பின் அந்த மேடையிலேயே பழைய கம்பளி போர்த்தி வையுங்கள். மறுநாள் மத்தியானம் வரை பொறுத்தால் பொங்கும். பண்டிகைக் காலையில் தோசை வேண்டுமென்றால் முந்தின நாள் காலையிலேயே அரைத்துவிட வேண்டும்.

தேங்காய் விலையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. நம் குளிருக்குத் தென்னை காய்க்காது. குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்திலிருந்து லொறியில் ஏறி வரும் காய்க்கு வழிக்கூலியும் நாம்தான் கட்டுகிறோம். எனவே ஒவ்வொரு காயையும் பிரித்துச் செலவழியுங்கள். முதற்பால் தொதலுக்கோ இனிப்புக்கோ மட்டும். இரண்டாம், மூன்றாம் பால் முறுக்குக்கும் கறிக்கும். பிழிந்த பூவை எறியாமல், புதிய பூவோடு பாதிக்குப் பாதி கலந்து ரொட்டிக்குப் போடலாம். தனியே போட்டால் சக்கை தெரியும். கறி தடிப்பாக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி கச்சானை ஊறவைத்து விழுதாக அரைத்து ஊற்றுங்கள். ஒரு தேங்காய் மிச்சமாகும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

தீபாவளிச் சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மலையகத்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தீபாவளி என்றால் ஆட்டுக்கறி அல்லது கோழிக்கறி. விடியக்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட பழக்கத்தை ஒரு வருடத்தில் யாரும் விடமாட்டார்கள். மகளுக்காக எல்லோரையும் விடச்சொல்லிச் சண்டை பிடிப்பதும் நல்ல நாளுக்கு அழகில்லை. அந்த ஒரு கறியை மட்டும் தனிச் சட்டியில் விடுங்கள்; வேறெதற்கும் இரண்டாவது சட்டி வேண்டாம். மஞ்சள் சோறு, பொலஸ் (பிஞ்சுப் பலாக்காய்) கறி, கஜுக் கறி, கத்தரிக்காய் மோஜு, பருப்பு, பப்படம் என்று இலை நிறைந்திருந்தால், இறைச்சி ஓரமாகிவிடும். பொரிக்கும் எண்ணெயில் மட்டும் ஒழுங்கு வேண்டும்: பலகாரமும் பப்படமும் முதலில், கோழியோ மீனோ பொரிப்பதானால் கடைசியில்.

பொலஸ் கறிதான் அன்றைக்கு நடுநாயகம். பிஞ்சுப் பலாக்காய் பதுளைப் பக்கத்துச் சந்தையில் கிடைக்கும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பெரிய துண்டுகளாக வெட்டி உடனே தண்ணீரில் போடுங்கள். மண்சட்டியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை, கறுவா. பிறகு பலாக்காய், வறுத்த கறித்தூள், கொச்சிக்காய்த் தூள், மஞ்சள், புளிப்புக்கு இரண்டு துண்டு கொறுக்காய், துண்டுகள் மூழ்க இரண்டாம் பால். மூடி, தீயைக் குறைத்து, இரண்டு மணித்தியாலமாவது விட வேண்டும். காய் கபில நிறமாகி, நார் பிரிந்து, கறித்தூள் உள்ளே இறங்கிய பின் முதற்பால் கொஞ்சம் ஊற்றி ஒரு கொதியில் இறக்கிவிடுங்கள். முந்தின இரவே சமைத்து வைத்தால் இன்னும் நல்லது. சோயாமீற்றை விட நூறு மடங்கு மேல் என்பேன். சோயாமீற் போடுவதானால் மசாலாப் பக்கெற்றோடு வருவதைத் தவிர்த்து, வெறும் சோயாவை வாங்கி வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பிறகு நம் தூளைப் போடுங்கள்.

கத்தரிக்காய் மோஜுவுக்கு விறகுக்குச்சி போல நீளமாக வெட்டிப் பொரித்து, சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் தனியே பொரித்து, வினாகிரி, அரைத்த கடுகு, சீனி, உப்பில் புரட்டினால் முடிந்தது. நாலு நாள் கெடாது. மஞ்சள் சோற்றுக்கு நெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய், தண்ணீருக்குப் பதிலாக மூன்றாம் பால், வேறு மாற்றமில்லை.

வட்டிலப்பம் கேட்பார்கள். முட்டை இல்லாமல் அந்தத் துளைத்துளையான வட்டிலப்பம் வராது, வரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் அந்தச் சுவை வரும். 200 கிராம் கித்துள் கருப்பட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து, இரண்டு கப் முதற்பால், ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய், மூன்று மேசைக்கரண்டி கித்துள் மா சேர்த்து, அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். மெல்லிய தீயில் விடாமல் கிண்டினால் திடீரென்று இறுகிப் பளபளக்கும். கிண்ணத்தில் ஊற்றி மேலே கஜு தூவுங்கள். கித்துள் மா கிடைக்காவிட்டால் சோளமா; ருசி ஒரு படி குறையும். ஜெலி செய்கிற வீடுகளில் ஜெலற்றின் வேண்டாம், அது மாட்டெலும்பு, தோலிலிருந்து வருவது, கடற்பாசி போதும்.

தைப்பொங்கலுக்குத்தான் மாமியார் முறைப்பார் என்று நினைக்கிறேன், வீட்டில் பசு இருந்தால் இன்னும் கூட. பால் பொங்க வேண்டும் என்பதுதான் முறை. இலங்கையில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொங்குவது பல வீடுகளில் வழக்கமாகவே இருக்கிறது. பானையை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, தண்ணிப் பாலும் அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றித் தீயைக் கூட்டினால் நன்றாக நுரைத்து வழியும். கெட்டிப்பாலை அப்போது ஊற்றாதீர்கள், கொதித்துத் திரிந்துபோகும். அரிசியும் வறுத்த பயறும் வெந்து சக்கரை கரைந்த பின் கடைசியில் சேருங்கள்.

கிறிஸ்மஸ் கேக்கையும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். முட்டை இல்லாத கேக் வினாகிரியாலும் அப்பச்சோடாவாலும் எழும்புகிறது. கோதுமை மா ஒன்றரைக் கப், சீனி முக்காலிலிருந்து 1 கப், அப்பச்சோடா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கறுவா, கராம்புத் தூள். இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர் அல்லது தண்ணிப் பால் 1 கப், எண்ணெய் 5 மேசைக்கரண்டி, வினாகிரி 1 மேசைக்கரண்டி, வனிலா. இரண்டையும் கலந்ததும் தாமதிக்காமல் ஓவனுக்குள் வைக்க வேண்டும், சோடாவின் குமிழ் காத்திருக்காது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் அவசரமாக எழும்பி நடுவில் குழிந்துவிடும். நுவரெலியா உயரத்துக்குச் சோடாவைக் கால்பங்கு குறைத்து, தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். பிளம்ஸ், பேரீச்சம்பழம், இஞ்சிப் பாகு எல்லாவற்றையும் முந்தின இரவே கடும் சாயத்தில், அதாவது பால் விடாத தேத்தண்ணியில், ஊறப்போடலாம். பிராண்டி ஊற்றாத வீடுகளுக்கு அது நல்ல நிறமும் கொடுக்கும். ஓவன் இல்லையென்றால் கனத்த சட்டியில் மணல் பரப்பி, மேலே தகடு வைத்து, மூடியிட்டு மெல்லிய தீயில் சுடுங்கள்.

ரோல்ஸுக்கு முட்டையே வேண்டாம். தோசை மாதிரிச் சுடும் அந்தத் தாளைக் கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஒரு கரண்டி எண்ணெயில் செய்யலாம். சுருட்டிய பின் முட்டையில் தோய்ப்பதற்குப் பதிலாகத் தடிப்பான மாக்கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டினால் பிடித்துக்கொள்ளும். உள்ளே வெலிமடை உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், மிளகுதூள். லீக்ஸைத் தண்ணீர் வற்ற வதக்காவிட்டால் எண்ணெயில் வெடிக்கும்.

தேத்தண்ணிக்கு மட்டும் பதில் பால் தேட வேண்டாம் என்பேன். தேங்காய்ப்பால் எண்ணெய் மிதக்கும், சோயாப்பால் வாடை அடிக்கும். நம் மலைத் தேயிலை வெறும் சாயமாகக் குடிப்பதற்கே நல்லது; இஞ்சி தட்டிப் போட்டு, கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். பாலை விட்டவளுக்குச் சுண்ணாம்புச்சத்துக்கு எள்ளுருண்டையும் குரக்கன் ரொட்டியும் இருக்கின்றன. பீ12 உயிர்ச்சத்து மட்டும் இந்தச் சமையலில் எதிலிருந்தும் கிடைக்காது. வளர்ந்தவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. அதற்கு மாத்திரையோ, பீ12 சேர்த்த உணவோதான் வழி. இதை மகள் அறிந்திருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அறிந்திருக்காவிட்டால் வைத்தியரிடம் பேசட்டும்.

போகும்போது கட்டிக் கொடுப்பதற்கு முறுக்கு, எள்ளுருண்டை, தொதல், அதிரசம் நல்லவை. சுசியமும் வடையும் அன்றன்றைக்கு. தேங்காயெண்ணெயில் பிடித்த ரவா லட்டை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். பஸ் மலையிறங்கி வெக்கைக்குப் போனதும் இளகி, கொழும்பில் டின்னைத் திறந்தால் ரவைதான் இருக்கும்.